ஆமெனுக்குப் பிறகு

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மத்திகிரியில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ரெனிட்டா, அறுபத்திரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எங்கள் சபைப் பெண்களின் நாற்பது நாள் சங்கிலி ஜெபம் அன்று முடிந்திருந்தது. காலை ஐந்தரை முதல் ஆறு வரை என் முறை. சங்கிலியின் தலைவியும் நானே. காது கேளாத இரண்டு பெண்கள் வாசிக்கட்டும் என்று, பேசுவதை எழுத்தாக்கும் செயலியொன்றை ரெனிட்டா என் கைப்பேசியில் போட்டிருந்தாள். அப்படிப் பதிவான என் ஜெபங்கள்தான் அந்தத் தாள்கள்; மற்றப் பெண்கள் எழுதித் தந்தவற்றோடு சேர்த்துப் புத்தகமாக அச்சிடப் போகிறார்கள். பிழை திருத்தும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முப்பத்தோராண்டு கடிகார உதிரிபாகத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள் நான். சிவப்புப் பேனாவை எடுத்தபோது கைப்பேசி ஒலித்தது. சாமல்பட்டியிலிருந்து என் தம்பி ஐசக். ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை.

"அக்கா, திங்கக்கெழம எனக்கு நெஞ்சு ஆப்பரேசன். உங்க சங்கிலியில என் பேரையும் சேத்துக்க."

"சங்கிலி இன்னிக்கு முடிஞ்சுபோச்சு."

"அப்ப நீ தனியா பண்ணு. இல்லன்னா சனிக்கெழம வந்து மூஞ்சிய காட்டிட்டுப் போ. ஞாயித்துக்கெழம அட்மிட் ஆவணும்."

"பாக்கறேன்" என்று வைத்துவிட்டேன். அம்மாவின் அடக்கத்திற்கு நான் வந்து சேருமுன் குழியை மூடியவன் அவன். அதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

ரெனிட்டா காபி கலக்கப் போனாள். நான் தாள்களைப் புரட்டினேன். பிழைகள் குறைவுதான். ஆனால் பதினைந்தாம் தாளில் பேனா நின்றது. ஆண்டவரே, போதகர் நேரத்துக்கு வரும்படி செய்யும். பாடகர் குழு சுருதி பிடிக்கும்படி செய்யும். எதிர்வீட்டுக்காரி சத்தத்தைக் குறைக்கும்படி செய்யும். ஒவ்வொரு நாளின் முடிவிலும், ஐசக் தன் தவற்றை உணரும்படி செய்யும். கழித்துக் கட்ட வேண்டிய உருப்படிகளின் பட்டியலை நாற்பது நாளும் மேலிடத்துக்கு அனுப்பியிருந்தேன். எனக்காக நான் எதையும் கேட்டிருக்கவில்லை.

"ஆண்டவருக்கே ஷிப்ட் போட்டுக் குடுத்திருக்கீங்க ஆன்ட்டி" என்றாள் ரெனிட்டா, டம்ளரை வைத்துக்கொண்டே. நான் சிரிக்காததைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். "இருபத்திமூணாம் நாள் தாளை நீங்களே பாருங்க. வேணாம்னா அழிச்சிடலாம். சபை வாட்ஸ்அப் குரூப்ல நான் போடல."

அக்டோபர் 28. ஆமென் வரை எல்லாம் வழக்கம் போலவே. முழங்கால் வலியால் நான் உடனே எழுவதில்லை; ஐந்து நிமிடமாவது ஆகும். எழுந்த பிறகுதான் செயலியை நிறுத்துவேன். அந்த ஐந்து நிமிடத்தை மௌனம் என்றே எண்ணியிருந்தேன். ஆமெனுக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன:

பஸ் நிக்கவே இல்ல. நான்தான் கெளம்பல.

அதைச் சொன்ன நினைவு எனக்கில்லை. ஆனால் அதன் உண்மையை அறிந்தவள் நான் ஒருத்தியே. அம்மா இறந்த செய்தி காலை ஒன்பது மணிக்குத் தொழிற்சாலைக்கு வந்தது. பரிசோதனை முடியாத உதிரிபாகத் தட்டுகள் நான்கு மேசையில் இருந்தன. இன்னொருத்தி கையெழுத்திட்டால் தவறு தப்பிவிடும் என்று, ஒரு மணி வரை உட்கார்ந்து முடித்தேன். ஐசக்கிடம் சூளகிரியில் பஸ் பழுதாகி நின்றதென்று சொன்னேன். மழை கட்டிக்கொண்டிருந்தும் அவன் ஐந்து மணி வரை காத்திருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை.

ஒன்பது ஆண்டுகள் அந்தப் பொய்யின்மேல் நின்றுகொண்டு அவனுக்காக ஜெபித்திருக்கிறேன். சிவப்புப் பேனாவை மூடினேன். அந்த இரண்டு வரிகளில் திருத்த எதுவும் இல்லை.

"அழிச்சிடட்டுமா ஆன்ட்டி?"

"அது இருக்கட்டும். அந்தத் தாளை எங்கிட்ட குடு. என்னோட மத்த ஜெபமெல்லாம் புத்தகத்துல வேண்டாம்."

முடிவானது இவ்வளவே. மற்றப் பெண்களின் ஜெபங்களைப் பிழை திருத்தும் வேலை இனி ரெனிட்டாவுடையது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து சாமல்பட்டிக்குப் போகிறேன். ஐசக்கிடம் அந்தத் தாளைக் கொடுப்பேன். அவன் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருப்பேன்.