கொயருக்கு வாங்கிய ஆம்ப்ளிபயர்

"மைக் எதுக்கும்மா?" என்று கேட்டார் மாசானம்.

கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. அவருடைய ரேடியோ கடையில் ஆம்ப்ளிபயர் கேட்டு வருகிறவர்கள், கல்யாணத்துக்கும் கோவில் கொடைக்கும் வாடகைக்கு விடுகிற ஆட்கள். வீட்டுக்கென்று வருகிறவர்கள் ரேடியோ வாங்குவார்கள். வசதி உள்ளவர்கள் ரேடியோகிராம் வாங்குவார்கள். நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, தோளில் பையோடு ஒற்றையாய்க் கடையேறி வந்து, ரிக்கார்டு பிளேயரும் மாட்ட வேண்டும், மைக்கும் மாட்ட வேண்டும், இரண்டு சத்தமும் ஒன்றாய்ச் சேர்ந்து வர வேண்டும் என்று சொன்னால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். செல்லக்கனி வழியெல்லாம் விலையைப் பற்றி என்ன பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தாளே தவிர, இதற்கு ஒரு பதில் யோசித்து வைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பாட. அவ்வளவுதான் பதில். அது நாக்கு வரைக்கும் வந்தது. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எரியாத டார்ச் லைட்டை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"சர்ச் கொயருக்கு," என்றாள்.

மாசானத்தின் முகம் தெளிந்துவிட்டது. "அதை மொதல்லயே சொல்லப்படாதா? நீங்க பாத்துக்கிட்டு இருக்கது வீட்டு சாமானுல்லா. பத்து வாட்டு. சர்ச்சுல அதை வச்சா மொத பெஞ்சுக்கே கேக்காது. இங்கன பாருங்க, முப்பது வாட்டு. மைக்கு ரெண்டு மாட்டலாம்."

அவர் துணியால் துடைத்துக் காட்டிய பெட்டி, கனமான இரும்புப் பெட்டி. அவளுக்கு வேண்டியது, முதலில் அவள் கை வைத்த அந்தச் சின்னது. ஆனால் சொன்ன சொல் நடுவில் நின்றது. வேண்டாம் என்றால் ஏன் என்பார். பண்டிகை அட்வான்ஸையும் தபாலாபீஸ் சேமிப்பையும் சேர்த்து, தேவையைப்போல மூன்று பங்கு பெரிய ஒரு சாமானை அன்று அவள் வாங்கினாள்.

"வீட்டுக்கு அனுப்பிருங்க அண்ணாச்சி. அங்க இருந்து நான் கொண்டு போய்க்கிடுதேன்," என்று மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தாள்.

செல்லக்கனிக்கு, வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். புதுத் துறைமுகம் வந்த பிறகு கப்பல் ஏஜெண்டுகளும் உப்பு வியாபாரிகளும் மெட்ராஸையும் கொச்சியையும் கேட்டுக் கேட்டு லைனுக்கு ஓய்வில்லை. மூன்று நிமிஷம் ஆனதும் லைனில் குறுக்கிட்டு நேரம் சொல்கிற அவள் குரல், ஊரில் பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெருவில் எதிரே வந்தால் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததில்லை. வீட்டுக்குப் போனால், 'ஏளா' என்று கூப்பிட அம்மா இருந்தாள். எந்த லைனில் எவன் சத்தம் போட்டான், எவன் மகனுக்குப் பெண் பேசினான் என்று, சொல்லக்கூடாததையும் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இருந்தது. அம்மா போய்ப் பதினான்கு மாதமாகிறது. அதற்குப் பிறகு பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாயை மூடினால், மறுநாள் ஹெட்போனை மாட்டி "டிரங்க்ஸ்" என்று சொல்லும்போதுதான் திறக்க வேண்டியிருந்தது.

பம்பாயில் இருக்கிற தம்பி புதிதாக ஒரு செட் வாங்கினான். பழைய ரிக்கார்டு பிளேயரையும் பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகளையும் பெட்டியில் போட்டு அனுப்பி வைத்தான். 'அக்கா, இதில் ஸ்பீக்கர் கிடையாது. நம்ம ரேடியோவில் மாட்டிக்கொள்' என்று எழுதியிருந்தான். ரேடியோ கெட்டுப்போய் மூன்று வருஷம் ஆனது அவனுக்குத் தெரியாது. ஆனாலும் தட்டுச் சுழல்வதைப் பார்க்க அவள் ஒரு நாள் பிளேயரை ஓடவிட்டாள். குனிந்து காதை வைத்தால் முள்ளிலிருந்தே கொசு ரீங்காரம்போலப் பாட்டுக் கேட்டது. அதில் ஒரு தட்டில் பாடகர்களே இல்லை. தெரிந்த சினிமாப் பாட்டுகளைக் கிதாரில் மட்டும் வாசித்திருந்தார்கள். வார்த்தை இல்லாத அந்த மெட்டோடு செல்லக்கனி மெல்லச் சேர்ந்து பாடினாள்.

பாடியது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது தன் குரலாக அவளுக்குத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் தன் குரலை ஹெட்போன் வழியாகவே கேட்டுப் பழகியிருந்தாள். அடுத்தவர் பேச்சும் தன் பேச்சும் ஒரே கம்பியில் கலந்து காதுக்குள் வரும். வெறும் காற்றில் போய்க் கரைகிற குரல் யாருடையதோ போல இருந்தது. பாட்டும் தானும் ஒரே இடத்திலிருந்து கேட்க வேண்டும் என்ற ஆசை அன்றுதான் வந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பது அவளுக்கே தெரிந்த ஆசை.

பெட்டி வருவதாகச் சொன்ன சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். முன்னறை மேஜையைத் துடைத்து, மேலே விரிப்புப் போட்டு, பிளேயரை ஒரு பக்கமாய்த் தள்ளிப் பெட்டிக்கு இடம் விட்டு வைத்தாள். வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரு தடவை உப்புக்காரர், இரண்டு தடவை எதிர்வீட்டுக்கு ஆள். சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் ஆலயத்துக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது, பாட்டுக் குழுவான கொயர் நிற்கிற இடத்தில் ஒரு ஸ்டூலின் மேல் இருந்த இரும்புப் பெட்டி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொயர் மாஸ்டர் தேவபிரசாதம் மைக்கை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இறக்கி மறுபடி ஏற்றுகிற சிரமம் அந்த அம்மாவுக்கு எதற்கென்று, மாசானம் நல்ல மனதோடு நேரே இங்கே அனுப்பிவிட்டார்.

அறிவிப்பு நேரத்தில் போதகர் ஐயர் எழுந்து, நம் சபையின் சகோதரி செல்லக்கனி, காலஞ்சென்ற தம் தாயாரின் நினைவாகக் கொயருக்கு ஒரு ஆம்ப்ளிபயர் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். தாயாரின் நினைவாக என்பது யார் சேர்த்ததோ தெரியவில்லை. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வலது பக்கம் மூன்றாவது பெஞ்சில் அத்தனை வருஷமாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தேவபிரசாதத்திடம் போனாள். "ஒரு விஷயம்…" என்று ஆரம்பித்தும்விட்டாள். அதற்குள் ஐயரின் மனைவி ஞானசௌந்தரியம்மாள் வந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, எவ்வளவு பெரிய காரியம் செஞ்சிருக்கிய! இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போகப்படாது. மதியம் எங்க கூடத்தான் சாப்பாடு."

அம்மாவின் அடக்கம் முடிந்த வாரத்துக்குப் பிறகு செல்லக்கனி இன்னொருவர் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவள் கையைப் பிடித்த கை சூடாக இருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அந்த அம்மாளோடு நடந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு. ஐயரின் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு, டெலிபோனில் பேசுகிற மாதிரி பேசச் சொல்லிக் கேட்டார்கள். பேசிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். வீடு திரும்பும் வழியில், ஒரு பெட்டிதானே, போகட்டும் என்றிருந்தது அவளுக்கு. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறும் யாரோ அழைத்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு தேவபிரசாதம் அருகே வந்து, "முன்னால கொயர்ல பாடுனவியதான நீங்க? வியாழக்கெழம பிராக்டீஸுக்கு வாங்களேன்," என்றார்.

பாடினவள்தான். பதினாறு வருஷத்துக்கு முன்பு, நைட் டியூட்டி மாறி மாறி வந்து பிராக்டீஸ் தவறிப்போய், ஒரு ஈஸ்டருக்கு வந்து பார்த்தபோது அவள் நிற்கிற இடத்தில் வேறொரு பெண் நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை. இவளாகவே நடந்து போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது அதே ஆட்கள் கூப்பிடுகிறார்கள். வியாழக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொண்டு, தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு மைக்கையும் சுற்றி இளம்பெண்கள் நின்றார்கள். தேவபிரசாதம் அவளையும் ஒன்றின் முன் நிறுத்திக் கீர்த்தனையின் முதல் அடியைப் பாடச் சொன்னார். பாடினாள். அவள் குரல், அவள் வாங்கிய பெட்டியின் வழியாக, கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அந்த ஓர் அடி நேரம் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போய் நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் தேவபிரசாதம். பிறகு சிரித்தார். "ஆனா மைக்குல ஒங்க குரல் அப்படியே டிரங்க் கால் மாதிரில்லா கேக்கு. பாடி முடிச்சதும் மூணு நிமிசம் ஆச்சின்னு சொல்லிருவியளோன்னு பயமா இருக்கு."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்லக்கனியும் சிரித்தாள். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவளைப் பெண்களின் பின்வரிசையில், ஆண்களுக்கு முன்னால் நிறுத்தினார். அங்கே மைக் எட்டாது. நான்கு வியாழக்கிழமை போனாள். ஐந்தாவது வாரம் டியூட்டியை மாற்றிக்கொள்ளவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண் அந்த மைக்கில் பாடுவதைக் கேட்டாள். நன்றாகவே பாடினாள் அந்தப் பெண். சாப்பிட அழைப்பதும் இதற்குள் நின்றுபோயிருந்தது. ஞானசௌந்தரியம்மாள் தூரத்திலிருந்தே தலையசைத்துவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து, தை மாதம் ஒரு மத்தியானம் மறுபடி மாசானம் கடைக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருப்பாள்.

"எனக்கு ஒரு ஆம்ப்ளிபயர் வேணும் அண்ணாச்சி. சின்னது. வீட்ல பாடுததுக்கு."

"வீட்ல யாரு பாடுதா?"

"நாந்தான்."

மாசானம் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அப்பம் அன்னைக்கு வாங்குனதும்…"

"எனக்குத்தான் வாங்குனேன்."

"எம்மா!" என்றார் அவர். மேஜை மேலிருந்த கம்பித் துண்டுகளை ஒரு பக்கமாய் ஒதுக்கினார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நான் ஒரு கோட்டிக்காரன், நேர அங்க கொண்டு எறக்கிட்டேனே."

"நாந்தான சொன்னேன் கொயருக்குன்னு. ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

அவர் மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்று கம்பெனிப் பெட்டி, பளபளப்பானது. விலை கேட்டதுமே அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஒன்று பழைய வால்வு செட். ஒன்று அவரே மரப்பெட்டிக்குள் பூட்டிய டிரான்சிஸ்டர் செட், மேலே பாலிஷ்கூடப் போடவில்லை. பாட்டுப் போட்டுக் காட்டப் போனவரை செல்லக்கனி தடுத்தாள்.

"பாட்டு வேண்டாம். சும்மா ஆன் பண்ணுங்க, ஒவ்வொண்ணா."

கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள். வால்வு செட்டில், அடியில் ஒரு உறுமல் இருந்தது. மழைக்காலத்தில் ராமநாதபுரம் லைன் அப்படித்தான் உறுமும். கம்பெனிப் பெட்டியில் ஊசிபோல ஒரு சீறல். மரப்பெட்டி ஆன் ஆனதே தெரியவில்லை. "போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"போட்டு அரை நிமிசம் ஆச்சும்மா."

"இதுவே போதும். நான் பேசாம இருக்கும்போது அதுவும் பேசாம இருக்கணும்."

மாசானத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் கைவேலையைப் பாட்டே போடாமல் மெச்சிய ஆள் இதுவரை வந்ததில்லை. கூலி இல்லாமல் அடக்க விலைக்கே தருவதாகச் சொன்னார். பழைய மைக் ஒன்றையும் ஸ்பீக்கர் ஒன்றையும் சும்மா கொடுத்தார். "ஒண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க. மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒரே ரூம்ல வைக்காதிய. ஒண்ணையொண்ணு பாத்துதுன்னா கீச்சுன்னு கத்தும், காது போயிரும். வயரு நீளமாத் தாரேன். ஸ்பீக்கரைத் தள்ளி வச்சிருங்க." அன்று பெட்டியை அவரே ரிக்‌ஷாவில் ஏற்றி, கூடவே சைக்கிளில் வந்து, வீட்டில் இறக்கி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். காபி போடுகிறேன் என்றாள். கடையில் ஆளில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அவள் வீட்டில் இரண்டே அறைதான். ஸ்பீக்கர் முன்னறையில், நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. பிளேயரும் பெட்டியும் மைக்கும் அடுக்களையில், அரிசி டின்னுக்கு மேல். நிலைப்படியைத் தாண்டி வயர் ஓடியது. சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. கிதார் தட்டைப் போட்டு முள்ளை வைத்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடினாள்.

முன்னறையிலிருந்து பாட்டு வந்தது. கிதாரும் ஒரு பெண்குரலும் ஒன்றாக, ஒரே இடத்திலிருந்து, அவள் கேட்க விரும்பிய அதே மாதிரி. ஆனால் அவள் நினைத்துப் பார்க்காத ஒன்றும் அதில் இருந்தது. அது பக்கத்து அறையிலிருந்து வந்தது. அங்கே யாரோ இருந்து, வேலையைச் செய்துகொண்டே தன் பாட்டுக்குப் பாடுவதுபோல இருந்தது. செல்லக்கனி ஓர் அடியை விட்டுவிட்டாள். கிதார் மட்டும் அந்த அடியை வாசித்துக் கடந்தது. அடுத்த அடியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். ஒரு பக்கம் முழுக்கப் பாடினாள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் பாடினாள்.

தட்டு முடிந்தது. முள்ளைத் தூக்கி வைத்தாள். பெட்டி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் சோறு பொங்கி அடங்கியிருந்தது. மூடியைச் சரித்துக் கஞ்சியை வடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை அணைக்கப்போனவள் அணைக்காமல் மைக்கை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். என்ன சொல்வதென்று சிறிது நேரம் யோசித்தாள்.

"ஏளா, சாப்பிடலையா?" என்று அவள் குரலிலேயே கேட்டது முன்னறை.

செல்லக்கனி மைக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் குறைந்து, நாற்காலியின் ஒரு கை மட்டும் தெரிந்தது.

"இந்தா, வாரேன்," என்று அந்த அறையைப் பார்த்துச் சொன்னாள். தட்டைக் கழுவி, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு, தரையில் கிடந்த வயரை மிதிக்காமல் தாண்டி முன்னறைக்குப் போனாள்.