மோட்டார் நின்ற வீடு

பிளக்கைப் பிடுங்கியது அவன்தான்.

குளிர்பெட்டியைக் கொண்டுவந்த ஆட்கள் அதைக் கூடத்தின் நடுவில் இறக்கிவிட்டு, வயரைக் கையில் பிடித்தபடி, "எங்க சார் சொருகறது?" என்று கேட்டார்கள். கூடத்தில் பெரிய பிளக் போடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஏற்கெனவே ஏதோ மாட்டியிருந்தது. இரண்டு ராத்திரி கண் மூடாதவன், எது என்றுகூடப் பார்க்காமல் குனிந்து பிடுங்கிக் கீழே போட்டான். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. விடியலில் மூச்சடங்கிய மாமியாரை அதற்குள் கிடத்தினார்கள். அவன் மனைவி பெட்டியின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அவனுக்கு வேலை சரியாக இருந்தது. நாற்காலி வந்தது, எண்ணிப் போட்டான். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்த மைத்துனனுக்கு வழி சொன்னான். மகன் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்பது என்று பேச்சு. ஒருவழியாக எல்லாம் ஓய்ந்து, முகம் கழுவலாம் என்று பின்பக்கம் போனபோதுதான் ஏதோ ஒன்று குறைகிறதே என்று பட்டது. கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். சத்தம் இல்லை.

மோட்டார் ஓடவில்லை.

பின்பக்கம் முழுவதும் மாமியாரின் ராஜ்ஜியம். விடுதி ஒன்றில் காலமெல்லாம் ஊருக்குச் சமைத்துப்போட்டு ஓய்வுபெற்ற கை சும்மா இருக்குமா? பெரிய நீலத் தொட்டியில் திலேப்பியா மீன்கள். அதற்கு மேலே சாரம் கட்டி, ஜல்லி நிரப்பிய பாத்திகளில் கீரையும் தக்காளியும். மீன் அழுக்காக்கிய தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். செடி அதைத் தின்று தெளியவைத்துத் திரும்பக் கீழே கொட்டும். கொட்டுகிற தண்ணீரில்தான் மீனுக்குக் காற்று. ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்புத் தொட்டி. அது பிரசவ அறை.

நீலத் தொட்டியில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கறுப்புத் தொட்டியின் மூலையில், மாமியார் புள்ளிக்காரி என்று கூப்பிடும் தாய்மீன், செவுள் வேகவேகமாக அடிக்க, தண்ணீர் மட்டத்தை ஒட்டி நின்றாள். வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. தாடை உப்பியிருந்தது.

அந்த வாய்க்குள் முட்டைகள் இருந்தன. இந்த மீன் வாயில் வைத்துத்தான் அடைகாக்கும். குஞ்சு பொரித்து, நீந்தப் பழகும்வரை தாய்க்குச் சாப்பாடு கிடையாது. பயந்தால், வலையில் பிடித்தால், மூச்சு முட்டினால் துப்பிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். போன தடவை மைத்துனன் விடுமுறைக்கு வந்தபோது, படம் எடுக்க இவளைக் கையில் தூக்கினான். அத்தனை முட்டையும் தரையில் கொட்டியது. "போனாப் போகுது, அவனுக்கு என்ன தெரியும்" என்று சொன்னார் மாமியார். சொல்லிவிட்டு அடுத்த நாள் முழுக்கப் பின்பக்கமே வரவில்லை.

அவனை அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. பெண் தானாகத் தேடிக்கொண்ட பஸ் டிரைவர் என்பதால் கடைசிவரை 'டிரைவர்'தான். இருவருக்கும் நடுவில் இருந்த பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியது. "டிரைவர், தண்ணி கலங்கலா இருக்கு, பாத்தீங்களா?" "பாத்தேன் அத்தை." முந்தாநாள், குரல் கம்மிப்போன நேரத்தில்கூட அவனைக் கையசைத்துக் கூப்பிட்டு, "புள்ளிக்காரி வாய் நெறைய வச்சிருக்கா. இந்தத் தடவையாச்சும் கரையேத்தி விட்ருங்க" என்றார். அவரிடமிருந்து அவனுக்கு வந்த ஒரே விண்ணப்பம் அது. அவரோடு அவன் பேசியதில் கடைசியும் அதுதான்.

மோட்டார் வயரை இழுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் சொருகினான். டப்பென்று ஃபியூஸ் போனது. கூடத்தில் பெட்டி நின்றது.

"அய்யய்யோ, பெட்டி நின்னுடுச்சு. யாருப்பா என்ன பண்ணீங்க?" மாமியாரின் தங்கை, சின்னம்மா, குரல் கொடுத்தார்.

பழைய வீடு, பழைய ஒயரிங். ஃபியூஸ் கட்டையில் புதுக் கம்பி சுற்றிப் போட்டான். பெட்டி மறுபடி உறுமியது. இரண்டில் ஒன்றுதான் ஓடும் என்பது தெரிந்துபோயிற்று.

சொம்பை எடுத்துக்கொண்டு தொட்டியோரம் போனான். நீலத் தொட்டியில் தண்ணீரை மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, உயரத்திலிருந்து ஊற்றினான். விழுந்த இடத்தில் நுரைத்தது. மறுபடி மொண்டான். கறுப்புத் தொட்டிக்கு இந்த முரட்டுத்தனம் ஆகாது. புள்ளிக்காரி மிரண்டால் போச்சு. அதில் மட்டும் ஓரமாக, சுவரில் வழியவிட்டு, சன்னமாக ஊற்றினான். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம். தோள் கடுத்தது. ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய கைதான், ஆனாலும் தூக்கமில்லாத உடம்பு எவ்வளவுதான் கேட்கும்?

சின்னம்மா பின்வாசற்படியில் வந்து நின்றார். "நல்லா இருக்கே கதை. மாமியார் அங்க படுத்திருக்கா, மருமகன் இங்க மீனுக்கு அபிஷேகம் பண்றாரு. வர்றவங்க கேட்டா என்னன்னு சொல்றது?"

"அத்தை சொன்னதைத்தான் செய்யறேன் சின்னம்மா."

"உயிரோட இருந்தப்ப ரெண்டு பேரும் முகங்குடுத்துப் பேசிக்கல. இப்ப என்ன கரிசனம்?"

பொய்யென்றால் மறுக்கலாம். சொம்பில் தண்ணீரை மொண்டான்.

அவர் உள்ளே போய் என்ன சொன்னாரோ, சற்று நேரத்தில் மனைவி வந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தபடி நின்று பார்த்தாள்.

"அம்மா தனியா இருக்காங்க. நீங்க இங்க நிக்கறீங்க."

"பிளக்கைப் புடுங்கினது நான்தாம்மா. பாக்காமப் புடுங்கிட்டேன்."

அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். புள்ளிக்காரி அதே மூலையில். வாய் மூடியே இருந்தது. அம்மாவுக்குக் கடைசி நாலைந்து நாட்களாக ஒரு ஸ்பூன் கஞ்சி கொடுக்க அவள் பட்ட பாடு அவனுக்குத் தெரியும். கெஞ்சினாள், அதட்டினாள், ஒரு தடவை ஸ்பூனைத் தூக்கிக்கூட எறிந்தாள். வாய் திறக்கவேயில்லை. "என் மேல என்ன கோவம்னு சொல்லிட்டாச்சும் போம்மா" என்று அடுப்படியில் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததையும் அவன் கேட்டிருக்கிறான்.

"இவளும் சாப்பிடறதில்லையா?" என்று கேட்டாள்.

"குஞ்சு வெளிய வர்றவரைக்கும் சாப்பிடாது."

"பசிக்காதா?"

"பசிக்கும்னுதான் அத்தை சொல்வாங்க."

அவள் கை நீட்டினாள். சொம்பைக் கொடுத்தான். ஊற்ற ஆரம்பித்தாள்.

"மெதுவா, ஓரமா..."

"தெரியும். எங்கம்மா ஊத்தறத நான் பாத்ததில்லையா?"

அவன் போய் ஒரு வாளியை எடுத்துவந்தான். அவன் நீலத் தொட்டியைப் பார்த்துக்கொண்டான், அவள் கறுப்புத் தொட்டியை. மீன்கள் தேறுவதுபோல் இருந்தது. கை நின்றால் மறுபடி மேலே வந்து வாயைப் பிளந்தன. மைத்துனன் வர இன்னும் பாதிப் பகல் இருந்தது. அதுவரை தாங்குமா? கடவுளே, இந்த ஒன்றையாவது விட்டுக்கொடு என்று மனசுக்குள் கேட்டான். பெரிதாக எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பக்கத்து வீட்டுத் தையற்காரரும் இருந்தார். அவர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவருடைய ஜன்னல் இந்தப் பின்பக்கத்தைப் பார்த்தது. மோட்டார் கொரகொரவென்று மண்டைக்குள் ஓடுகிறது, ஊசி தப்புகிறது என்று அவர் சண்டைக்கு வராத மாதம் இல்லை. "உங்க மிஷின் மட்டும் தாலாட்டா பாடுது?" என்று மாமியார் ஒருநாள் கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அந்த ஜன்னலில் போய்க் கேட்கலாமே என்று அவனுக்குக் காலையிலேயே தோன்றத்தான் செய்தது. ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? பெட்டிக்குள் இருப்பவர் சம்மதிப்பாரா?

தையற்காரர் கூடத்தில் கும்பிட்டுவிட்டு நேரே பின்பக்கம் வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே தொங்கியது.

"மோட்டார் ஏன் ஓடல?"

"பெட்டியும் இதுவும் சேர்ந்து ஓடினா ஃபியூஸ் போயிடுதுண்ணே."

"காலையில சத்தம் நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரும் வந்து சொல்லணும்னு இல்ல." அவர் தொட்டியைப் பார்த்தார். "சத்தம் சத்தம்னு எத்தனை நாள் கத்தியிருக்கேன். இன்னிக்கு அமைதியா இருக்கு, ஒரு தையல் நேரா விழல."

மனைவி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"அந்த வயரைக் குடுங்க. எட்டலைன்னா எங்கிட்ட நீளமா ஒண்ணு இருக்கு."

"உங்க மிஷின்..."

"ஜன்னல்கிட்ட ஒரு பிளக்தான் இருக்கு. மிஷின் இன்னிக்கு லீவு எடுக்கட்டும். இல்லாட்டி அந்தம்மா எழுந்து வந்து ஒரு கேள்வி கேப்பாங்க, பதில் சொல்ல என்னால ஆகாது."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. சொம்பைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தையற்காரர் அவசரமாக அந்தப் பக்கம் திரும்பி வயரைத் தேடுகிறவர்போல் நடந்துபோனார்.

மோட்டார் கொரகொரவென்று பிடித்தது. மேலே பாத்தி நனைந்து, குழாய் வழியே தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்தினார்கள். அந்த ஒரு கணம், மாமியார் எழுந்து பின்பக்கம் வந்துவிட்டார் என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

மைத்துனன் வந்தான். பெட்டியின் மேல் விழுந்து அழுதான். எழுப்பிக் கூட்டிவந்து பின்பக்கம் முகம் கழுவவைத்தார்கள். கறுப்புத் தொட்டியருகே வந்தவன், கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டுதான் குனிந்து பார்த்தான். வெகுநேரம் அப்படியே நின்றான்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். கூடத்துப் பிளக் காலியாக இருந்தது. மனைவி பாயில் படுத்தவுடன் தூங்கிவிட்டாள். சின்னம்மா அவள் கால்மாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும், "சாப்பிட்டுட்டுப் போய்ப் பாருங்க மாப்ள, அது எங்கயும் ஓடிடாது" என்று மெல்லச் சொன்னார்.

அவன் பின்பக்கம் போனான். புள்ளிக்காரி அடியில், தன் மூலையில், வாய்க்குள் இருப்பதை மெதுவாகப் புரட்டிப் புரட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து மதில் மேலேறி இறங்கிவந்த வயரில், வருகிறவர்கள் கால் தடுக்கிவிடக் கூடாதென்று, முழத்துக்கு ஒன்றாக வண்ண வண்ணத் துணித் துண்டுகள் கட்டியிருந்தன. ஜன்னலுக்குள் தையல் மிஷின் ஊசிக்கடியில் பாதி தைத்த சட்டையோடு சும்மா நின்றது.

அவன் வயரைக் கழற்றவில்லை. சொம்பைக் கழுவி, மாமியார் வழக்கமாக வைக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தான்.