அவசர வழி இல்லாத சட்டம்

"இதுல அவசர வழி எங்கே?" என்று கேட்டான் அவன்.

கல்யாணமான புதிது. நிதித்துறையில் அவள் எழுதிக்கொண்டிருந்த கடன் வரம்புச் சட்டத்தின் வரைவைக் கட்டிலில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

"கடைசியில ஒரு விலக்கு இருக்கே. அதையும் எடுத்துடலாம்னு இருக்கேன்."

"வரி வசூல் படுத்துட்டா? ரெண்டாவது படிக்கட்டு இல்லாம நான் ப்ளான் கொண்டு போனா மூஞ்சியிலேயே எறிவாங்க."

"வழி வச்சா வருஷா வருஷம் அதுலதான் நடமாடுவாங்க, இன்ஜினியர் சார்."

"சரிங்க, கணக்கு மேடம்" என்று அவள் மூக்கைத் திருகினான்.

மறுநாள் அவளே அந்த விலக்குப் பிரிவை அடித்து நீக்கினாள். மேலதிகாரிகள் மெச்சினார்கள்.

பத்து வருடம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இந்த வருடம் ஆலைகள் கதவடைத்தன, கடைகளில் ஈயாடியது, வரி குறைந்தது. நாட்டு வருமானத்தில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் அரசு கடன் வாங்கக் கூடாது என்பது சட்டம். வருமானம் சுருங்கச் சுருங்க வரம்பும் கூடவே சுருங்கியது. சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கை வைக்க முடியாது. வெட்டுவதற்கு மிஞ்சியது பாதியில் நின்ற கட்டடங்கள்தான். நிறுத்த உத்தரவுகளை அவள்தான் தயாரித்தாள். மூன்றாம் மாடிவரை அவள் கணவன் எழுப்பியிருந்த பிரசவ ஆஸ்பத்திரியும் அதில் போனது.

அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. மாமியார்தான் கேட்டாள்.

"புருஷன் வேலைக்கே பூட்டுப் போட்ட மகராசி, இந்தா டீ."

"அம்மா, சும்மா இரு."

"சும்மா இருக்கறது நீதான்டா, போன மாசத்துலேருந்து."

மூவரும் சிரித்தார்கள். அவள் டீயை அப்படியே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று அவளை அலுவலகத்தில் விடும் வழியில், அவன் தன் சாமான்களை எடுக்கக் கட்டடத்தில் பைக்கை நிறுத்தினான். நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்திருந்தன. கலவை போடும் பெண் ஒருத்தி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க கவர்மென்ட்ல இருக்கீங்களாமே. யாருக்கா இதை நிறுத்துனது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "அதெல்லாம் மேல இருக்கறவங்கம்மா. இவங்களுக்கு என்ன தெரியும்?"

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றினாள்.

பைக்கில் அவன் முதுகில் நெற்றியைச் சாய்த்துக் கேட்டாள். "ஏன் என்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா செய்வ. புருஷனுக்காகச் செஞ்சான்னு ஊர் பேசும். உனக்கு அது ஆகாதே."

துறைச் செயலாளரிடம் பேசவிடாமல் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்ததும் அதே பயம்தான். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அலுவலகத்தில் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "வாங்கம்மா. அடுத்த நிறுத்த உத்தரவு ரெடியா? இன்னும் வெட்டணும். நீங்க போட்ட பூட்டாச்சே, அசைய மாட்டேங்குது."

அவள் உட்காரவில்லை.

"எழுதல சார். வேலையை நிறுத்த நிறுத்த வரி இன்னும் குறையுது, மறுபடி வெட்டுறோம். ஒரு மாசமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என் வீட்டுக்காரர் வேலையும் இதுல போயிருக்கு. அதுக்காகத்தான் கேக்குறேன்னு நீங்க நினைச்சாலும் பரவாயில்ல. அந்த விலக்குப் பிரிவை அடிச்சது நான்தான். மோசமான வருஷத்துல மட்டும் வரம்பைத் தாண்டலாம்னு அதைத் திரும்பச் சேர்க்கணும். சட்டத்தைச் சபைக்கு எடுத்துட்டுப் போங்க சார்."