மெ என்று கீறிய பூசணி

யாரையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடும் பழக்கம் எனக்கு இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அயூபின் மகள் நான். தக்காளிக் கூடையின் மேல் வரிசை எப்படியிருக்கும், அடி வரிசை எப்படியிருக்கும் என்று பார்த்தே வளர்ந்தவள். அதனால் அந்தச் சனிக்கிழமை காலை, பள்ளித் தோட்டத்தில் என் பூசணிக்காய் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தபோது நான் கத்தவில்லை. முதலில் காம்பைப் பார்த்தேன்.

காம்பைக் கத்தியால் வெட்டியிருந்தார்கள். சுவரேறிக் குதித்து வரும் திருடன் காயைப் பிய்த்து இழுத்துக்கொண்டு ஓடுவான். கொடி அறுந்து, இலையெல்லாம் மிதிபட்டிருக்கும். இங்கே ஓர் இலையும் கசங்கவில்லை. அடியில் நான் போட்டிருந்த வைக்கோல்கூடக் கலையவில்லை. ஆக, இது பொறுமையாக வந்து, பொறுமையாக வெட்டி எடுத்துப் போன ஆள். உள்ளாள்.

2004-ஆம் வருடம் அது. செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகும் தெருவில் எங்கள் பள்ளி. நான் ப்ளஸ் டூ, வேளாண்மைக் குரூப். பத்தாவதில் மார்க் வாங்கியவர்கள் கம்ப்யூட்டர் சயின்சுக்கும் பயாலஜிக்கும் போனபின், மிச்சம் மீதிகளை அள்ளிப் போடும் குரூப் என்றுதான் பள்ளியில் எல்லோரும் நினைத்தார்கள். கழிவறைக்குப் பின்னால் கொஞ்சம் நிலம், நாலு மண்வெட்டி, பகுதிநேர வாத்தியார் தனசிங் சார். இவ்வளவுதான் எங்கள் சொத்து. படிப்பில், பாட்டில், விளையாட்டில் யார் ஜெயித்தாலும் ரமா மேடம் மேடையில் வரிசையாக நிற்கவைத்துச் சால்வை போடுவார். ரமா மேடம் எங்கள் தலைமையாசிரியை. அந்த வரிசையில் வேளாண்மைக் குரூப்பிலிருந்து ஒருவர்கூட நின்றதில்லை. எனக்கு அங்கே நிற்க வேண்டும். எதற்கு என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

மாவட்ட அளவில் வேளாண் மாணவர்களுக்கு ஒரு போட்டி இருந்தது. வேளாண்மைத் துறை ஆபீசர் நேரில் வந்து, கொடியிலிருக்கும் காயைப் பார்த்து மார்க் போடுவார். நான் வெள்ளைப் பூசணி போட்டேன். விடியற்காலையில் வந்து ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்த்தேன். பிடித்த பிஞ்சுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிப் போட்டேன். அந்த ஒன்று குடத்தளவு ஆனது. மேலே சாம்பல் பூத்து, தொட்டால் விரல் பதியும். நான் தொடுவதேயில்லை.

தனசிங் சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிஞ்சு எலுமிச்சம்பழ அளவில் இருக்கும்போதே, ஊசி முனையால் அவரவர் பெயரின் முதல் எழுத்தை அதன் தோலில் கீறச் சொல்வார். காய் பெரிதாகப் பெரிதாக எழுத்தும் தழும்பேறிப் பெரிதாகும். கடையில் வாங்கி வந்த காயில் அப்படி ஓர் எழுத்தை யாராலும் கொண்டுவர முடியாது. என் காயில் மெ என்ற எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. திங்கட்கிழமை ஆபீசர் வருகிறார். சனிக்கிழமை காயைக் காணோம்.

முதல் சந்தேகம் பாலாம்பாள் ஆயாம்மா மேல். சத்துணவுக் கூடத்தில் கத்தி வைத்திருப்பவர் அவர்தான். போய்க் கேட்டேன்.

"ஆயாம்மா, தோட்டத்துல இருந்த என் பூசணிக்காயைப் பாத்தீங்களா?"

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "எனுக்கு இன்னா தெரியும் கண்ணு? நான் உண்டு என் வேலை உண்டுன்னு கீறேன். காலங்காத்தால பேஜார் பண்ணாத, போ."

அவர் என்னிடம் இப்படிப் பேசியதேயில்லை. எப்போதும் "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அதுவும் பொறுக்கிய கல்லை அரிசியிலேயே திருப்பிப் போட்டுவிட்டார். சாம்பார் வைத்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டினேன். ஆனால் அண்டாவைத் திறந்து பார்த்தால் வெறும் தண்ணீர். கூடத்தின் மூலையில் பூசணித் தோலோ விதையோ ஒன்றுமில்லை.

தனசிங் சார் வந்தார். வெற்றுக் கொடியைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதுக்கும் மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுவோம்மா" என்றார். அவருக்கு எல்லாமே 'எதுக்கும்'தான்.

ரமா மேடம் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"மெஹ்ரீன், தப்பா எடுத்துக்காதே. அந்தக் காய் நிஜமாவே அங்கதான் காய்ச்சுதா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "வேற எங்க மேடம் காய்க்கும்?"

"உங்க அப்பாவுக்கு வெஜிடபிள் ஷாப் இருக்கு இல்லையா? பெருசா ஒண்ணு கொண்டுவந்து வச்சிருக்கலாம். ஆபீசர் வந்தா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு கரெக்டா ரெண்டு நாள் முன்னாடி அதைக் காணாமப் போக்கியிருக்கலாம். நான் சொல்லலை. நாலு பேர் அப்படிப் பேசுவாங்க."

"யார் மேடம் அந்த நாலு பேர்? பேரைச் சொல்லுங்க, நானே போய்க் கேக்கறேன்."

"இந்த வாய்தான் உனக்கு எப்பவும்."

"காய்ல என் எழுத்து இருந்துச்சு மேடம். பிஞ்சுல கீறினது. சாருக்குத் தெரியும்."

"எழுத்து இருந்த காய் எங்கே? அதைக் காட்டு, நம்பறேன்" என்றார் மேடம்.

தனசிங் சார் கண்ணாடியை மறுபடி துடைத்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காய் போனதுகூடப் பெரிதில்லை. மூன்று மாதம் இருட்டில் எழுந்து ஓடி வந்தவளை, கடைச் சரக்கைக் கொடியில் ஒட்டவைத்தவள் என்கிறார்கள். இனி யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று படியிறங்கினேன்.

அடுத்த சந்தேகம் சின்மயி மேல் விழுந்தது. பத்தாவதில் மாவட்டத்திலேயே முதல் மார்க் வாங்கியவள் அவள். இப்போது எங்கள் பள்ளியிலேயே ப்ளஸ் டூ பயாலஜி. போன வாரம் அவள் தோட்டத்துக்கு வந்து, "இவ்ளோ பெருசா!" என்று வாயைப் பிளந்துவிட்டுப் போனாள். படிப்பில் முதல், பேச்சுப் போட்டியில் முதல் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொள்பவளுக்கு என் பூசணியின் மேல் என்ன அக்கறை? ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தவளை வேப்பமரத்தடியில் மடக்கினேன்.

"நேத்து சாயந்தரம் எங்க இருந்தே?"

"ஸ்கூல் கேட் பக்கத்துல. எங்களுக்கெல்லாம் பாராட்டு நடந்துச்சே, நீ வரலையா?"

"எங்க குரூப்பை யார் கூப்பிட்டா? மூணு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் எங்க போனே?"

"எங்கயும் போகலை. எறிபந்து டீம் ஜெயிச்சுட்டு வேன்ல வந்தாங்க. அவங்களையும், மிருதங்கத்துல பிரைஸ் வாங்கின ஷ்யாம்சுந்தரையும், பேச்சுப் போட்டிக்காக என்னையும் ஒண்ணா நிக்க வச்சாங்க. பேப்பர்ல வேற போட்டோ வந்திருக்கு, ஊர்க் கண்ணு பூரா இவங்க மேலதான்னு மேடம் சொன்னாங்க. திருஷ்டி சுத்தி ரோட்ல உடைச்சாங்க. என் பாவாடையெல்லாம் குங்குமம் தெறிச்சு, அம்மாகிட்ட ஒரே திட்டு."

"எதைச் சுத்தி உடைச்சாங்க?"

"பூசணிக்காய்தான். வேற எதைச் சுத்துவாங்க?" என்றவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "அதுல ஏதோ எழுத்து மாதிரி இருந்துச்சு, மெஹ்ரீன். கடைக்காரங்க போட்ட மார்க்குன்னு நெனச்சேன்."

கேட்டுக்கு ஓடினேன். ரோட்டில் ஒன்றுமில்லை. பைக்கில் போகிறவர்கள் வழுக்கி விழக் கூடாதென்று உடைந்ததையெல்லாம் ஓரத்துப் பள்ளத்தில் தள்ளியிருந்தார்கள். ஓர் ஆடு சதையைத் தின்றுகொண்டிருந்தது. விரட்டிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன். குங்குமமும் சேறுமாக ஐந்தாறு ஓடுகள். மூன்றாவதைப் புரட்டியபோது மெ இருந்தது. கொம்பு மட்டும் உடைந்து வேறு துண்டோடு போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சின்மயி பின்னாலேயே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தன் கைக்குட்டையை நீட்டினாள். அவளைச் சந்தேகப்பட்டதற்கு அவளிடம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. கைக்குட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பாலாம்பாள் ஆயாம்மா கேட்டின் உள்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓட்டை உயர்த்திக் காட்டியதும் அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

"நான் இன்னா பண்ணுவேன் கண்ணு? அர்ஜென்டா ஒரு பூசணிக்காய் ஏற்பாடு பண்ணுன்னு மேடம் சொன்னாங்கோ. கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள வேன் வந்துரும். பின்னால கொடியில சும்மாத்தான கீதுன்னு அறுத்துக்கினு வந்தேன். அது பரீட்சைக் காயின்னு எனுக்குத் தெரியாது. நீ காலையில வந்து கேக்கசொல்லோதான் திக்குன்னுச்சு."

ஓட்டைக் கழுவாமல் அப்படியே கொண்டுபோய் ரமா மேடம் மேஜைமேல் வைத்தேன். குங்குமத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்தது. ஆயாம்மாவே எல்லாவற்றையும் சொன்னார். மேடம் ஓட்டைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. ஆனால் ஒரு நிமிடத்துக்குத்தான்.

"சரி, தெரியாம நடந்துபோச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மண்டே ஆபீசர் வர்றாங்க. உங்க அப்பா கடையில இதே சைஸ்ல ஒண்ணு இருக்கும் இல்ல? எடுத்துட்டு வந்து கொடிகிட்ட வச்சிடு. தனசிங் சார் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

தனசிங் சார் ஒன்றும் சொல்லத்தான் இல்லை.

"காலையில நான் அதைச் செஞ்சேன்னு சொல்லித்தான் மேடம் என்னைத் திருடி மாதிரி பாத்தீங்க. இப்ப அதையே செய்யச் சொல்றீங்களா?"

"ஸ்கூல் பேருக்காகச் சொல்றேன்ம்மா."

"என் பேர்தான் இதுல இருக்கு" என்று ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆபீசர் வந்தார். பருத்திப் புடவை கட்டிய நடுத்தர வயது அம்மா. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பூசணின்னு என்ட்ரி இருக்கே, எங்கே?" என்றார்.

"அது அழுகிப்போச்சு மேடம்" என்றார் ரமா மேடம், சிரித்தபடி.

உடைத்ததைத் தாங்கிக்கொண்டேன், திருடி என்றதையும் தாங்கிக்கொண்டேன். அழுகிவிட்டது என்றதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. என் காய் அழுகினால் அது என் வளர்ப்பின் குறை.

"அழுகலை மேடம். கேட்ல உடைச்சிட்டாங்க. ஜெயிச்சவங்களுக்குத் திருஷ்டி சுத்தி."

பையிலிருந்து ஓட்டை எடுத்து நீட்டினேன். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து சுரைக்காய்ப் பந்தலை ஆட்டியது. ஆபீசர் என் கையிலிருந்த ஓட்டை வாங்கினார். தழும்பின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். குனிந்து, கொடியில் காய்ந்துபோன வெட்டுக்காம்பையும் பார்த்தார்.

"இது நீ வளர்த்த காய்தாம்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார். "ஆனா காய் முழுசா இல்லாம நான் மார்க் போட முடியாதே."

அவர் சொன்ன முதல் பாதிக்காக அவர் காலில் விழுந்திருப்பேன். இரண்டாம் பாதிக்காக அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்ததும், ரமா மேடம் மைக்கில் சின்மயியையும் ஷ்யாம்சுந்தரையும் எறிபந்துப் பெண்களையும் முன்னால் வரச் சொன்னார். பள்ளிக்கு ஏதோ கண் பட்டிருக்கிறது, இன்னொரு தடவை சுற்றிப் போட வேண்டும் என்றார். பாலாம்பாள் ஆயாம்மா புதுப் பூசணிக்காயோடு நின்றிருந்தார். வரிசை நின்றபின், மைக்கில் என் பெயர் கேட்டது. "மெஹ்ரீன், நீயும் வந்து நில்லு."

தனசிங் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எங்கள் குரூப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் போய் வரிசையின் கடைசியில், சின்மயிக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஆயாம்மா காயைத் தூக்கி எங்களைச் சுற்றினார்.

என் மேல் யார் கண்ணும் படக் கூடாதென்று சுற்றுகிறார்களா, என் கண் மற்றவர்கள் மேல் படக் கூடாதென்று என்னைக் கூப்பிட்டுச் சுற்றுகிறார்களா? ரமா மேடத்தின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று திரும்பினேன். அவர் வேண்டுமென்றே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையை விட்டு நான் நகரவில்லை. எதற்காகக் கூப்பிட்டிருந்தாலும் சரி, அந்த இடம் எனக்குச் சேர வேண்டியது.