கதவுக்குப் பின்னால் கரிக்கோடு

"தங்கச்சி, உமக்கு எழுத வருமோ?"

1

இந்தக் கேள்வியில்தான் இந்தக் கதை பிறந்தது. கேட்டவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்டியிலிருந்து டயகம தேயிலைத் தோட்டத்துக்கு வந்துபோன டொக்டர். ஆண்டு அறுபத்திரண்டு. கேட்கப்பட்டவள் லெட்சுமி, ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்து கிள்ளப் போனவள். வரும் என்று தலையை ஆட்டினாள்.

(லெட்சுமி நான்தான். 'நான்' என்று தொடங்கினால் பேனா நகரவில்லை. ஆகவே அவள்.)

2

முதல் தொடக்கம்: 'பேச்சியம்மா அத்தையின் விரல்கள் கொழுந்தைத் தொட்டால் அந்த மலையே...'

வேண்டாம். அழகாக எழுதித் தப்பிக்கப் பார்க்கிறேன்.

இன்னொன்று: அத்தைக்குத் தசை கரைகிற நோய். அந்தப் பக்கத்தில் மூன்று பேருக்குத்தான் இருந்தது. வருடக்கணக்கில் கவனித்தால்தான் அதன் போக்குத் தெரியும் என்றார் டொக்டர். அத்தையும் அவளும் குடியிருந்த ஒற்றை அறையான லயத்துக் காம்பராவின் கதவுக்குப் பின்னால் அத்தையை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, விரல் எட்டிய இடத்தில் சுவரில் கரிக்கோடு போட்டார்.

"ஞாயிறு ஞாயிறு இப்பிடித் தூக்கச் சொல்லி, எவ்வளவு குறையுதெண்டு கொப்பியில எழுதும். குறைஞ்சா உடனே கண்டி வார்டில சேர்க்கலாம்."

3

லெட்சுமி ஒரு ஞாயிறும் கேட்கவில்லை. தன்னைத் தூக்கி வளர்த்தவளிடம், கையைத் தூக்கிக் காட்டு என்று சொல்ல நா எழவில்லை. கதவுக்குப் பின்னால் எட்டியும் பார்க்கவில்லை. கொப்பியில் வாராவாரம் எழுதினாள்: 'போன வாரம் போலவே.'

(அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்: அவளுக்குத் தெரியும். மலையில் அத்தையின் கை, முதுகுக் கூடைக்குப் போகாமல் பாதியில் நின்றது. பக்கத்து நிரையில் நின்ற இவளே தன் கொழுந்தை அத்தையின் கூடையில் போட்டாள்.)

"என்னடி, ஒன் கொழுந்துக்கு ஒன் கூடை தெரியலையா?" என்று அடுத்த நிரையில் கிள்ளிய ராசம்மா கேலி செய்தாள்.

"வாய மூடிக்கிட்டுக் கிள்ளு, ராசம்மா," என்றாள் அத்தை.

அந்த நோய் இருந்த மற்ற இருவரும் வார்டுக்குப் போனார்கள். டொக்டர் மூன்று தடவை வந்தபோதும் இவள் கொப்பியை மட்டும் பார்த்தார். "நல்லம். மாறேல்லை."

4

நான்காம் தடவை, சுவரில் போட்ட கோட்டையே பார்க்க வந்தார். கதவைச் சாத்தினார்.

மேலே அவர் போட்ட கோடு. அதன் கீழே, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, இன்னும் எத்தனையோ கோடுகள். கடைசிக் கோடு அத்தையின் நெஞ்சு உயரத்தில்.

"இது ஆர் போட்டது?"

"நாந்தாங்க. புள்ள கேக்க வெக்கப்படுதேன்னு நானே போட்டு வச்சேன். அதப் பாத்துத்தான எழுதியிருக்கும்?"

அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. டொக்டர் கொப்பியைப் பிரித்து வாசித்தார். "போன வாரம் போலவே. போன வாரம் போலவே. போன வாரம்..." நடுவில் நிறுத்தி, கொப்பியை லெட்சுமியின் கையில் கொடுத்தார்.

(அதன் மீதிப் பக்கங்களில்தான், யாரும் பார்க்காமல், இதை எழுதுகிறேன்.)

5

முடிவு ஒன்று: அத்தை ஓங்கி அறைந்தாள்.

(அந்தக் கை எழாது. கொப்பியில் இன்னொரு பொய்.)

முடிவு இரண்டு: 'அழுவாதடி' என்று அத்தை...

(இதை எழுத எனக்கு உரிமையில்லை.)

நடந்தது இவ்வளவுதான். அன்றே கண்டிக்குக் கொண்டுபோவதாக டொக்டர் சொன்னார். லெட்சுமி துணிமூட்டையைக் காரில் வைத்தாள்.

"அத்தே..."

அத்தை திரும்பவில்லை. கையும் காட்டவில்லை. கழுத்தையும் கையையும் நோயின் கீழ் எழுதிவிடலாம். பேசாத நாக்கை எதன் கீழ் எழுதுவது? ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்; நீங்கள் எழுதுங்கள்.

கார் பெரிய வளைவில் இறங்கியது. அத்தை ஒரு வார்த்தையும் பேசாமல் போனாள்.