பதினாறாவது தோள்

ஈஸ்ட் ஹாம் பக்கத்து அம்மன் கோயிலில் தேரன்று அம்மனைத் தோளில் காவி வந்து தேரில் ஏற்றுவதும், தேர் திரும்பி வந்து நின்றதும் பச்சைப் பட்டுச் சாத்தி இறக்குவதும் ஒரே ஒரு தெருக்காரரின் உரிமை. தெரு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒட்டிக்கொண்டு நிற்கும் செங்கல் வீடுகள், ஒரு முனையில் கோழி பொரிக்கிற கடை, மறுமுனையில் பஸ் தரிப்பு, அவ்வளவுதான். கோயில் ஒரு பழைய கராஜுக்குள் இருந்த காலத்தில் அம்மனைக் காவ ஆளில்லாமல் ஐயர் முழித்துக்கொண்டு நின்றபோது, அந்தத் தெருவில் அறைக்கு ஐந்து பேராக அடைந்துகிடந்த பெடியள்தான் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். அன்று கொடுத்த தோள் பிறகு உரிமையாகிவிட்டது. பதினாறு தோள் வேண்டும். பதினாறும் தெருவுக்குள் குடியிருக்கிறவனுடையதாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் காவுதடி அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும், பிறகு திரும்பி வராது.

அடுத்த கூட்டமென்பது ஜேர்மனியிலிருந்து வந்து கடைகள் போட்டு நிமிர்ந்தவர்கள். அவர்களுடைய தலைவர் கிருஷ்ணராசா ஒவ்வொரு தேருக்கும் தன் ஆட்களுடன் பட்டுச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொக்குமாதிரி ஓரத்தில் காத்து நிற்பார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுத் தேருக்கு அவருடைய காத்திருப்பு பலிக்கும் போலத்தான் இருந்தது. மே மாதம் வன்னியில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. செத்தவர்களின் செய்தி மட்டும் முடியவில்லை, அது பிந்திப் பிந்தி வந்துகொண்டிருந்தது. செய்தி வந்த வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்குக்காரன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, அவனைத் தொட்டவனும் தலைக்குத் தோய்ந்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். தெருவின் பெரியவர் தில்லையம்பலம் வீடு வீடாக ஏறி இறங்கி, துடக்கில்லாத தோள்களைப் பொறுக்கியெடுத்துப் பதினைந்தைச் சேர்த்தார். பதினாறாவது தோள் தேவராசாவுடையது.

தேவராசாவின் தம்பி பாஸ்கரன் வன்னியில் இருந்தவன். சண்டை முடிந்த நாளிலிருந்து தகவல் இல்லை. முகாமில் கண்டேன் என்று யாரோ ஒருவர் சொன்ன ஒரு சொல்லைத்தான் தேவராசா பிடித்துக்கொண்டிருந்தான். அம்மனுக்கு நேர்த்தியும் வைத்திருந்தான். இந்த முறையும் உன்னைக் காவி ஏற்றி இறக்குகிறேன், தம்பியின் குரலை ஒருக்கால் என் காதில் விழுத்து. வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை.

தேருக்கு முந்தின வாரம் தெரு அவன்மேல் காட்டிய அன்பைச் சொல்லி மாளாது. தில்லையம்பலம் வாழைப்பழச் சீப்போடு வந்து, "மனசைப் போட்டு அலட்டாதை, எல்லாம் அவள் பாத்துக்கொள்ளுவாள்," என்றார். காவ வருகிறவர்கள் அவனைக் கண்டதும் கதையை மாற்றினார்கள். அவனுடைய மனைவி சிவகௌரி முழங்கால் நோவென்று கோயிலுக்குள்ளேயே வரவில்லை. தேரன்று காரில் அவனோடு கூட வந்து, றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். நல்ல சனம், என் கவலையைப் பங்குபோடுகிறார்கள் என்றுதான் அந்த அப்பாவி நினைத்தான்.

காலையில் முன்தடியில் நின்று அம்மனைக் காவினான். தடி தோளை அழுத்த அழுத்த, தம்பி, தம்பி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தான். கண்ணீர் வந்ததை வியர்வையோடு சேர்த்துத் துடைத்தான். தேர் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றி, பொலிஸ்காரர் பஸ்களை மறிக்க, தேங்காய்ச் சிதறல்மேல் உருண்டு மத்தியானம் இருப்பிடத்துக்கு வந்தது. அம்மனுக்குப் பச்சை சாத்தத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில், மனைவியிடம் காரைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லலாமென்று தேவராசா அணைத்து வைத்திருந்த போனைத் திறந்தான். திறந்தவுடன் அடித்தது. கனடாவிலிருந்து சித்தப்பாவின் மகன் ஸ்ரீதரன்.

"அண்ணை, கதைக்கிற நிலையில இருக்கிறியளோ? நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்கிறியளில்லை எண்டு சிவகௌரி மச்சாள் சொன்னவ. என்ன செய்யிறது, பாஸ்கரனுக்கு அவ்வளவுதான் எழுதிக் கிடக்கு. முகாமில காய்ச்சலோட ரெண்டு நாள்தான் கிடந்தவனாம். எட்டாம் நாள் செலவை நீங்கள் அங்க செய்யிறியளோ, நான் இஞ்ச செய்யட்டோ?"

தேவராசா தேர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணை? அங்க என்ன மேளச் சத்தம் கேக்குது?"

அவன் போனை மடித்து வேட்டி மடிப்புக்குள் செருகினான். தேரடிப் படிக்குப் பக்கத்தில் தில்லையம்பலம் ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டு நின்றார். அவரிடம் போய், "பாஸ்கரன் செத்துப்போனானாம்," என்றான். யாராவது இல்லையென்று சொல்லமாட்டார்களா என்ற நப்பாசை அப்போதும் அவனுக்கு இருந்தது.

தில்லையம்பலம் திடுக்கிடவில்லை. அதிலேயே தேவராசாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனை ஓரத்துக்கு இழுத்து, "கத்தாதை. உன்ரை மனுசிக்குத்தான் முதல் போன் வந்தது. அவள் என்னட்டை அழுதுகொண்டு ஓடிவந்தவள். தேர் முடியட்டும் எண்டு நான்தான் சொன்னனான். தெரியாதவனுக்குத் துடக்கில்லை, தேவராசா. ஐயரிட்டையும் கேட்டுத்தான் செய்தனான்," என்றார்.

"இப்ப எனக்குத் தெரியும்."

"நீ எனக்குச் சொல்லேல்லை, நான் கேக்கேல்லை. இன்னும் பத்து நிமிசம். தோளைக் குடுத்து அம்மனை இறக்கு. பிறகு தெருவே உன்ரை வீட்டை வந்து குந்தியிருந்து அழும். அங்க பார், கிருஷ்ணராசா சால்வையை இறுக்கிறதை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு பிணத்தையே தேருக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். செத்தவனின் குரலைக் கேட்கவேண்டுமென்று காலையில் அவன் கும்பிட்டபோது, பக்கத்தில் அரோகரா சொன்ன பதினைந்து வாய்க்கும் அது தெரிந்திருந்தது. அவனுக்குத் தம்பிக்காக அழவேண்டுமென்று இருந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. அழுகையைக்கூடப் பறித்துவிட்டார்கள் என்பதை நினைக்க ஆத்திரம் இன்னும் ஏறியது.

பச்சைப் பட்டில் அம்மன் தயாரானாள். மேளம் உச்சத்துக்கு ஏறியது. பதினைந்து பேரும் தடியடியில் நின்று அவனைப் பார்த்தார்கள்.

"எனக்குத் துடக்கு!" என்று தேவராசா கத்தினான். "என்ரை தம்பி செத்துப்போனான்!"

மேளம் தடுமாறி நின்றது. அவனைச் சுற்றி நின்ற சனம் சட்டென்று பின்வாங்கியது. காலையில் தோளோடு தோள் உரசி நடந்தவன் சால்வை நுனி பட்டுவிடப் போகிறதேயென்று ஒதுக்கிக்கொண்டான். ஒரு பெண் பிள்ளையை இழுத்துத் தன்பக்கம் வைத்துக்கொண்டாள். தம்பி செத்தவனுக்குக் கிடைத்த முதல் துக்கம் விசாரிப்பு இதுதான். இரண்டாவது விசாரிப்பைத் தில்லையம்பலம் உரத்த குரலில் சபைக்குச் சொன்னார்: "காலமை அவனுக்குத் தெரியாது! காலமை காவினதில குற்றமில்லை!"

ஐயர் தேருக்கு மேலே நின்று கிருஷ்ணராசாவுக்குக் கையைக் காட்டினார். ஜேர்மன்காரர் ஓடிவந்து தடிக்குள் புகுந்தார்கள். மேளம் மறுபடியும் தொடங்க, பச்சைப் பட்டுடுத்திய அம்மன் புதுத் தோள்களில் இறங்கிக் குலுங்கிக் குலுங்கி உள்ளே போனாள்.

"தெருவின்ரை மானத்தை வித்துப்போட்டான்," என்றது அவனுக்குப் பின்னால் ஒரு குரல். "பத்து நிமிசம் பொறுத்திருக்கலாம்தானே."

தேவராசா திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினான். றோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிவகௌரி ஓடிவந்தாள். அவன் முகத்தைக் கண்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சருங்கோ, எனக்குத் தெரிஞ்ச நாளிலயிருந்து நான் கோயில் வாசல் மிதிக்கேல்லை," என்று விம்மினாள். "அம்மனுக்கு நான் ஒரு பிழையும் விடேல்லை."

"ஓம்," என்றான். "அம்மனுக்கு விடேல்லை."

அவள் அவனுடைய கையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அந்தச் சனத்துக்குள் பயமில்லாமல் அவனைத் தொடக்கூடியவள் அவள் ஒருத்திதான், இருவருக்கும் ஒரே துடக்கு. தேவராசா அந்தக் கையைப் பார்த்தான். பிறகு, உள்ளே அவர்கள் செய்தது போலவே, ஓரடி பின்னுக்கு விலகி நின்றான்.