ழகரம் வராத இளவரசன்

மலாய் நாட்டின் காஜா பெராங் ஊரில் கலாவிருத்தி நாடக சபா தோன்றி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் மூன்று நாடகங்களும் பதினொரு பிளவுகளும் நடந்திருந்தன. மூன்று நாடகங்களிலும் ராஜா ஒருவரே: சபாவின் தலைவர் சேதுபதி. பதினொரு பிளவுகளுக்கும் காரணம் அதுதான். வேறு யாருக்காவது கிரீடம் கொடுக்கலாமே என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவர்கள் மறுவாரம் பக்கத்துத் தெங்கேராவில் தனி சபா தொடங்குவார்கள். அங்கேயும் கிரீடம் ஒன்றுதான் என்று தெரிந்ததும் அதற்கு மறுவாரம் திரும்பி வந்துவிடுவார்கள்.

பகலில் சேதுபதி குமாஸ்தா. மாலையில் 'நாடகக் கேசரி'. பட்டத்தை வழங்கியது சபா. தீர்மானத்தை முன்மொழிந்தவர் சேதுபதி.

சபாவுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. 'கொழுகொழு வாழைப்பழம் குழியில் விழுந்தது' என்று பிசிறில்லாமல் சொல்ல வராதவன் மேடையேறக் கூடாது. இந்தப் பழத்தில் வழுக்கி விழுந்தவர்கள் ஏராளம்.

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை ஆண்டானதும் ஆள்பிடிப்பு தொடங்கியது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்றார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் புதிய ஜப்பானிய அதிகாரி ஓர் அறிவிப்பு விட்டார். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் வேலை செய்யும் கூலிகளுக்கு நாடகம் போட்டு உற்சாகமூட்டுகிற கலைஞர்களுக்கு ஓர் அட்டை தரப்படும். அட்டை உள்ளவனைச் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அதிகாரியே வந்து நாடகத்தைப் பார்ப்பார். மேடையில் வாய் திறந்து பேசுகிறவனுக்கு மட்டுமே அட்டை.

கம்போங் செட்டி லாரி மெக்கானிக் தியாகுவின் பெயர் சயாம் பட்டியலில் வந்துவிட்டது. அவன் மனைவி கோகிலாவுக்கு ஏழாம் மாதம். அவள் நேரே சேதுபதியின் மனைவி சாரதாம்பாளிடம் வந்து நின்றாள். தியாகுவை நாடகத்தில் சேர்க்க வேண்டும். சிக்கல் ஒன்றுதான். தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன அந்தச் செட்டி வீடுகளில் பேச்சு மலாய். தியாகுவுக்குத் தமிழில் தெரிந்தவை சாமி பெயர்கள் மட்டுமே. ஆனால் கல்யாண வீடுகளில் தொண்டாங் சாயாங் என்ற மலாய்ப் பாட்டைப் பாடி ஊரையே கட்டிப்போடுகிற குரல் அவனுக்கு இருந்தது.

ழகரம் வராதவனை இளவரசனாக்கினால் தமிழ்த்தாய் என்ன சொல்வாள் என்று சேதுபதி கேட்டார்.

"தமிழ்த்தாய் என்ன சொல்றாங்கன்னு நான் கேட்டுக்கறேன்" என்றாள் சாரதாம்பாள். "அந்தப் புள்ள வயித்துல இருக்கறது, எங்கப்பன் எங்கன்னு கேட்டா நீங்க பதில் சொல்வீங்களா?"

இளவரசன் வேஷம் காலியாகவும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதான பழைய இளவரசர் ஆள்பிடிப்புக்குப் பயந்து மூவாருக்கு ஓடிப்போயிருந்தார்.

நாடகத்தின் பெயர் 'வச்சிரபூபதியின் வாக்கு'. கொடுத்த வாக்குக்காகச் சொந்த மகனின் தலையை வெட்டும் ராஜாவின் கதை. ராஜா யாரென்று சொல்லத் தேவையில்லை. மூன்று நாள் காலையில் சேதுபதி நாற்காலியில் சாய்ந்து, முகச்சவரம் செய்தபடியே இளவரசன் வசனத்தைச் சொல்லச் சொல்ல, தியாகு ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதிக்கொண்டான். நாணயமான ஆள். அவர் வாயிலிருந்து வந்த ஒரு சத்தத்தையும் விடவில்லை. எழுதியதைத் தொண்டாங் சாயாங் மெட்டில் போட்டு மனப்பாடம் செய்தான்.

ஒத்திகையில் இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கலாவிருத்தி சபாவின் ஒத்திகை என்பது ராஜாவின் வசனத்தை ராஜா பேச மற்றவர்கள் கேட்பது. மற்றவர் முறை வந்தால், "சரி, இங்க இளவரசன் பேசிட்டான், மேல போவோம்" என்பார் சேதுபதி.

நாடகம் கோவில் திடலில், வெயில் தாழ்வதற்கு முன்பே தொடங்கியது. முன்வரிசையில் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஜெயபாலன். இரண்டு மாதம் ஜப்பானிய மொழி படித்தவன், அதில் ஒரு மாதம் காய்ச்சல். அவர்களுக்குப் பின்னால், சேதுபதிக்குக் கடன் கொடுத்திருந்த வட்டிக்கடைச் சொக்கப்பன் செட்டியார். பெண்கள் பக்கத்தில் கோகிலா, வயிற்றில் கைவைத்தபடி.

தியாகு கைவிலங்கோடு வந்து மண்டியிட்டான். பெண்கள் அப்போதே முந்தானையை எடுத்துவிட்டார்கள். அவன் கண்ணில் நீர் வழிய, திடல் அதிரப் பேசினான்.

"தந்தையே! தர்மத்தின் பொருட்டு என் சிரம் உருளட்டும்! சாரதா, பூனை கருவாட்டத் தூக்கிட்டு ஓடுது பாரு!"

காதில் விழுந்ததை யாரும் நம்பவில்லை.

"குடிமக்களே, கலங்காதீர்! யாராச்சும் வந்தா நான் குளிக்கிறேன்னு சொல்லு! வாளே, வா! என் குருதி குடி! அந்தச் செட்டியார் வாராரு, அரிசி மூட்டயக் கட்டிலுக்கடியில தள்ளு!"

அரிசி கிடைக்காத அந்த நாட்களில், மரவள்ளிக்கிழங்கே மாவீரர் உணவு என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கியவர் சேதுபதி. சொக்கப்பன் செட்டியார் மெதுவாக எழுந்து நின்றார். பிறகு திடலே வெடித்தது. தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தன் சோகம் போதவில்லை என்று எண்ணிய தியாகு, நெஞ்சில் அறைந்துகொண்டு கருவாட்டை இன்னொரு முறை பாடினான்.

அதிகாரி சிரிக்கவில்லை. கையை உயர்த்தினார். சிரிப்பு அப்படியே நின்றது. அவர் ஏதோ கேட்க, ஜெயபாலன் வெளுத்த முகத்தோடு மேடையோரம் வந்தான்.

"அண்ணே, இது சோக நாடகம்னுதான எழுதிக் கொடுத்தீங்க? அப்ப ஏன் சிரிக்கிறாங்க, இவன் நெசமாவே நடிகனான்னு கேக்குறாரு. இல்லன்னா இங்கேருந்தே லாரியில ஏத்தச் சொல்றாரு."

தியாகுவுக்கு எதுவும் புரியவில்லை. "சாலா கா?" என்று மெல்லக் கேட்டான். தப்பாகிவிட்டதா என்று.

சேதுபதி அவனைப் பார்த்தார். கோகிலாவைப் பார்த்தார். ஒன்பது ஆண்டுகளாக இந்த ஊரை அழவைப்பதற்காகவே மூச்சுவிட்ட மனிதர். ஓங்கிய வாளை இறக்கினார்.

"இது சிரிப்பு நாடகம்னு சொல்லு."

ஜெயபாலன் சொன்னான். அதிகாரி தலையசைத்துவிட்டு மறுபடி கேட்டார். அப்படியானால் ராஜா ஏன் மரம்போல நிற்கிறான்?

வச்சிரபூபதி மகாராஜா வாளைத் திருப்பிப் பிடித்தார். அதன் பிடியால் முதுகைச் சொறிந்தார்.

"மகனே" என்றார், அதே கம்பீரக் குரலில். "பூனை எந்தப் பக்கம் போச்சு?"

தியாகுவுக்கு அடுத்து மனப்பாடமாயிருந்தது, "என் அன்னையின் மடியில்!" அதைச் சொன்னான்.

ராஜா சிம்மாசனத்துக்கு அடியில் புகுந்தார். அந்தப் பக்கம் வெளியே வந்தபோது கிரீடம் காதில் தொங்கியது. இல்லாத பூனையைத் துரத்திக்கொண்டு மேடையை மூன்று சுற்று ஓடினார். நான்காவது சுற்றில் வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தது. அது அவர் திட்டமிடாதது. சாரதாம்பாள் திரைக்குப் பின்னாலிருந்து, "அடுப்படியில பாருங்க" என்று குரல் கொடுத்தாள். அதிகாரி முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு தோளால், கடைசியில் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

அட்டைகள் அங்கேயே முத்திரை குத்தித் தரப்பட்டன. தியாகு தன்னுடையதைக் கோகிலாவிடம் கொடுத்தான். அவள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். அன்று அந்தத் திடலில் அழுதவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை சேதுபதி கதவைத் திறந்தபோது வாசலில் சயாமுக்குப் பயந்த முப்பத்தாறு பேர் நின்றார்கள். கையில் ஆளுக்கொரு நோட்டுப்புத்தகம். பாதிப் பேருக்குத் தமிழ் வராது. தமிழ் வந்தவர்களுக்கு நடிப்பு வராது. சேதுபதி வாழைப்பழத்தைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார்.

அந்த வாரமே மூன்றாம் அங்கத்தில் ஒரு போர்க்களம் முளைத்தது. இரு தரப்பிலும் பதினெட்டுப் பதினெட்டு வீரர்கள். வெட்டுப்பட்டு விழுந்த ஒவ்வொருவனும் உயிர் விடுவதற்கு முன் எழுந்து உட்கார்ந்து, அதிகாரி பக்கம் திரும்பி, தன் அட்டைக்காக ஒரு வசனம் பேசினான். வசனம் மறந்தவனுக்கு ராஜாவே அருகில் குந்தி அடியெடுத்துக் கொடுத்தார். முப்பத்தாறாவது ஆள் செத்து முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் செத்தவர்கள் அதற்குள் குறட்டைவிடத் தொடங்கியிருந்தார்கள்.